தையல் லைனில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை: பாலிசியில் என்ன எழுதணும்?

கேட்டவர்: பனியன்_ஹெச்ஆர்

வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட். தையல்ல ஆறு லைன், லைனுக்கு 30-லிருந்து 35 மெஷின். பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக்னு மூணு வகைத் தையல் மெஷினும் கலந்து இருக்கு. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஷிப்ட். மதியம் 12.30-க்கு ஒரு மணி நேரம் சாப்பாடு, 11 மணிக்கும் 4 மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம் டீ. ஷிப்மென்ட் நெருக்கினா ஒன்றரை ஷிப்ட் ஓடும். டெய்லருங்கள்ல முக்கால்வாசிப் பேர் பெண்கள். பாதிப் பேருக்கு பீஸ் ரேட் (தைக்கிற பீஸ் கணக்குல கூலி), பாதிப் பேருக்கு ஷிப்ட் சம்பளம்.

பையர் (நம்மகிட்ட சரக்கு வாங்குற கம்பெனி) தரப்பு ஆடிட்ல, நீண்ட நேரம் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்புக் கொள்கை இல்லைன்னு குறிச்சுட்டுப் போயிட்டாங்க. நெட்ல கிடைக்கிற மாதிரிகள் எல்லாமே கம்ப்யூட்டர் ஆபீசுக்கு எழுதினது. போன் பேசும்போது நில்லுங்க, மீட்டிங்கை நடந்துகிட்டே நடத்துங்கன்னு இருக்கு. காலைப் பெடல்ல இருந்து எடுத்தா மெஷின் நின்னுரும், டெய்லர்கிட்ட இதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

எனக்குத் தெரிய வேண்டியது: எத்தனை நிமிஷத்துக்கு மேல உட்கார வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா? ஸ்டூலை எடுத்துட்டு நல்ல சேர் போட்டா போதுமா? பிரேக் விட்டா புரொடக்ஷன் எவ்வளவு விழும்?

---

பதில்: சேஃப்டி_அவினாசி

நிமிஷக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நம்முடைய சட்டங்கள் நிற்கிறவரைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கின்றன. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி செய்து தரச் சொன்னது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு வந்த திருத்தமும் கடை ஊழியருக்கு இருக்கை கொடு என்பதுதான். பழைய மகப்பேறு நலச் சட்டம்கூடத் தவிர்க்க வேண்டிய வேலைகளில் நீண்ட நேரம் நிற்பதைத்தான் சொன்னது. உட்கார்ந்திருப்பவர் சுகமாக இருக்கிறார் என்ற நினைப்பில் எழுதியவை.

ஆனால் பொதுக் கடமை என்று ஒன்று உண்டு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு, தொழிலாளரின் உடல்நலத்தைக் காப்பது தொழிற்சாலையை நடத்துபவரின் பொறுப்பு என்றும், அதற்கான கொள்கையை எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பிலும் (2020-இல் நிறைவேறியது) முதலாளியின் கடமைகளில், காயமோ தொழில் சார்ந்த நோயோ உண்டாக்கக்கூடிய ஆபத்துகள் இல்லாத பணியிடம் தருவது முதன்மையாக வருகிறது. உங்கள் பாலிசியை இந்தக் கடமையின் கீழ் எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறதே தவிர இத்தனை மணி என்று எல்லை போடவில்லை. அதனால் எண்ணை நீங்களே வைக்கலாம். வைத்தால், ஏன் அந்த எண் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். திரையில் வேலை செய்பவர்களுக்கு பிரிட்டனின் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு (எச்.எஸ்.இ.) சொல்லும் ஒரு கணக்கு தையலுக்கும் பொருந்தும்: இரண்டு மணிக்கொரு முறை 20 நிமிஷம் விடுவதைவிட, மணிக்கு 5 முதல் 10 நிமிஷம் விடுவது மேல். ஒரே நீண்ட இடைவேளையைவிட, சின்னதாகப் பல.

---

பதில்: மெக்கானிக்_பிட்டர்

சேர் மட்டும் மாத்தினா காசு தண்டம்ங்க. டெய்லர் மூணு இடத்துல கட்டுப்பட்டிருக்காங்க. கால் பெடல்ல, கை ஊசிகிட்ட, கண்ணு ஊசி முனையில. இந்த மூணும் சரியா அமையாட்டி எவ்வளவு உசத்தியான சேர் போட்டாலும் சாய்மானத்துல முதுகு படவே படாது. முன்னாடி குனிஞ்சேதான் உட்காருவாங்க.

முதல்ல லைன்ல ஒரு நடை நடந்து ஸ்டூலைப் பாருங்க. பனியன் வேஸ்ட்டைத் தலையணை மாதிரி தைச்சுப் போட்டிருந்தாலோ, பழைய டி-சர்ட்டை நாலா மடிச்சு வச்சிருந்தாலோ, ஒண்ணு ஸ்டூல் உயரம் பத்தலை, இல்லைன்னா பலகை தொடையை அழுத்துது. ஸ்டூலோட முன் விளிம்புல மட்டும் தொத்தி உட்கார்ந்திருந்தா பெடல் தூரம் தப்பு. பெடலுக்குப் பக்கத்துல செங்கல்லோ மரக்கட்டையோ கிடந்தா சும்மா இருக்கிற காலுக்கு இடமில்லைன்னு அர்த்தம். இந்த மூணையும் மெஷின் நம்பரோட குறிச்சாலே பாதி சர்வே முடிஞ்சது.

சரி பண்ற வரிசை முக்கியம். சேர்ல ஆரம்பிங்க. பாதம் பெடல் மேல முழுசாப் படணும், தொடை தரைக்கு இணையா, இல்லைன்னா முட்டி பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கணும். சேர் விளிம்புக்கும் முட்டிக்குப் பின்னால இருக்கிற மடிப்புக்கும் நடுவுல மூணு விரல் போகணும். போகலைன்னா அங்க ரத்த ஓட்டம் நெருக்கப்படும், சாயங்காலம் கால் மரத்துப்போற புகார் வரும். நம்ம ஊர்ப் பெண்கள் நிறையப் பேருக்கு 45 செ.மீ. உயர சேர் உயரம்தான். 40 செ.மீ. வரைக்கும் இறங்குற மாடலா பார்த்து வாங்குங்க. கைப்பிடி வேண்டாம், டேபிள்ல இடிக்கும். சக்கரம் வேண்டவே வேண்டாம், பெடலை மிதிக்க மிதிக்க சேர் பின்னால ஓடும். ரெக்ஸின் சீட் சித்திரை வெயில்ல வேர்த்து ஒட்டும், துணி உறை போட்டது நல்லது.

அடுத்து டேபிள். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினா வர்ற மட்டத்தைவிட 5 செ.மீ.யாவது மேல டேபிள் இருக்கணும். பார்வை வேலைங்கறதால ஆபீஸ் டேபிளைவிட ஒசரமாத்தான் வரும். தாழ்வா இருந்தா தலை குனியும், கழுத்துக்குத்தான் முதல் அடி. ஸ்டாண்ட் கால்ல நாலு பக்கமும் போல்ட் இருக்கு, தளர்த்தித் தூக்கலாம். ஹெட்டைக் கழட்டாம ஒரே ஆள் தூக்கப் பார்த்தா ஸ்டாண்ட் கோணிக்கும், ரெண்டு பக்கமும் ஆள் வேணும்.

இங்கதான் பல யூனிட்ல கோட்டை விடுறாங்க. டேபிளைத் தூக்கினா மோட்டாரும் கூடவே மேல போகும், பெடல் கீழேயே நிக்கும். நடுவுல இருக்கிற பெடல் ராடை அதே அளவுக்கு நீட்டணும். நீட்டாட்டி பெடலோட முன்பக்கம் தூக்கிக்கிட்டு, டெய்லர் கணுக்காலை நாள் பூரா மேல மடக்கியே வச்சிருக்கணும். "டேபிளைத் தூக்கினதுல இருந்து கெண்டைக்கால் வலிக்குது, பழைய மாதிரியே வச்சுருங்க"ன்னு சொல்லுவாங்க, நிர்வாகமும் சரின்னு இறக்கிடும். டேபிள்மேல தப்பே இல்லை. ராடோட லாக் நட்டைத் தளர்த்தி நீட்டினா தீர்ந்தது. ராடு செங்குத்தா நிக்குதான்னும் பாருங்க, சாஞ்சிருந்தா பெடல் கனமாகும். பவர் டேபிள்ல நீ லிஃப்டரும் (முட்டியால தள்ளி பிரஷர் ஃபுட்டை, அதாவது துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்குற கருவி) டேபிளோட மேல போயிரும், அதோட பேடை முட்டிப் பக்கவாட்டுக்கு இறக்கணும்.

பெடல் டெய்லர் பக்கமா ரொம்ப முன்னால வந்திருந்தா, முட்டி இடிக்காம இருக்க ஸ்டூலைப் பின்னால தள்ளுவாங்க. ஊசி இருந்த இடத்துலயே இருக்கும், அப்ப இடுப்புதான் வளையணும். பெடலை ஊசிக்குக் கீழ்ப் பக்கமாத் தள்ளுங்க, சேர் தானா உள்ள வரும். பழைய ஓவர்லாக்ல ரெண்டு பெடல், ஒண்ணு வேகத்துக்கு, ஒண்ணு பிரஷர் ஃபுட் தூக்க. அங்க ரெண்டு காலுக்குமே விடுதலை இல்லை. புது மெஷின் வாங்கும்போது காத்துல தூக்குற மாடலைக் கேளுங்க.

டேபிளை டெய்லர் பக்கம் சரிச்சு வைக்கலாம்னு சில கையேட்டுல இருக்கு. கழுத்துக்கு நல்லதுதான். ஆனா ஆயில் பேன்ல (மெஷினுக்கு அடியில இருக்கிற எண்ணெய்த் தட்டுல) எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், எல்லா மாடலுக்கும் ஒத்துவராது. ஸ்டாண்டுக்கு அடியில கட்டை கொடுத்துச் சரிக்கிற வேலை ஆகவே ஆகாது.

கடைசியா வெளிச்சம். ஊசிகிட்ட 750 லக்ஸ் வரணும். கறுப்பு, நேவி துணி ஓடும்போது எல்லாருமே நாலு விரக்கடை கூடுதலாக் குனிவாங்க, கவனிச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டுற எல்.இ.டி. விளக்கு சேரைவிட மலிவு.

---

பதில்: ஐஇ_லைன்பேலன்ஸ்

புரொடக்ஷன் கணக்கை நான் சொல்றேன். பயப்படுற அளவுக்கு இல்லை.

சாம், அதாவது ஒரு வேலைக்கு இத்தனை நிமிஷம்னு வைக்கிற நிர்ணய நேரம் (எஸ்.ஏ.எம்.) போடும்போது, அடிப்படை நேரத்துமேல ஓய்வுக்குன்னு அலவன்ஸ் சேர்க்கிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட வேலை ஆய்வுப் புத்தகத்துல பெண்களுக்குச் சொந்தத் தேவை 7%, அடிப்படைக் களைப்பு 4%. ஆண்களுக்கு 5%-ம் 4%-ம். பெண்களோட 11%-ஐ எடுத்துக்கங்க. 480 நிமிஷ ஷிப்ட்டுல தைக்கிற நேரம் 432, மீதி 47 நிமிஷத்துக்கு மேல ஓய்வுக்கும் தண்ணிக்கும் பாத்ரூமுக்கும்னு ஏற்கெனவே கழிச்சாச்சு. டீ ரெண்டும் சேர்ந்து 20 நிமிஷம். மிச்சம் 27.

இந்த 27-க்குள்ள, டெய்லர் எழுந்து நிக்க மணி அடிக்க வேண்டிய நேரம்: காலை 9.20, 10.10, 11.50. மதியம் 2.10, 2.45, 3.20, 4.50. ஏழு தடவை, தடவைக்கு 2 நிமிஷம், மொத்தம் 14. டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தா எந்த இடத்துலயும் 50 நிமிஷத்துக்கு மேல தொடர்ச்சியா உட்கார வேண்டியதில்லை. பாத்ரூமுக்கும் தண்ணிக்கும் இன்னும் 13 நிமிஷம் கையில இருக்கு. டார்கெட் ஒரு பீஸ்கூடக் குறைக்க வேண்டாம். உங்க யூனிட்ல அலவன்ஸே சேர்க்காம டார்கெட் போட்டிருந்தா கணக்கு உதைக்கும். அப்படின்னா கோளாறு டார்கெட்லதான்.

மணி ரெண்டு தடவை அடிக்கணும், ஆரம்பத்துக்கு ஒண்ணு முடிவுக்கு ஒண்ணு. முடிவு மணி இல்லைன்னா 2 நிமிஷம் 5 ஆகும், ஒரு வாரத்துல சூப்பர்வைசரே நிறுத்திடுவார். சீம் பாதியில விட்டுட்டு எழ வேண்டாம், கையில இருக்கிற பீஸை முடிச்சுட்டு எழலாம்.

பீஸ் ரேட்காரங்க விஷயம் வேற. பெரும்பாலும் ரேட் பேசி முடிச்சதுதான், சாம்ல இருந்து வந்தது இல்லை. 14 நிமிஷம் அவங்க பையில இருந்து போகுது, அதனால மணி அடிச்சாலும் தைச்சுக்கிட்டே இருப்பாங்க. ரேட்டை 3% ஏத்தினா சரியாப் போகும் (480-ஐ 466-ஆல வகுத்தா 1.03). அதைச் செய்யாம பாலிசி போட்டா காகிதத்துலதான் இருக்கும்.

இன்னொண்ணு, ஐ.இ. (நேரமும் உற்பத்தியும் கணக்குப் போடுற இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) ஆளுங்களுக்கே பிடிக்காதது. டெய்லர் எழக் கூடாதுன்னுதான் பண்டிலை (தைக்கிற பீஸ் கட்டை) கொண்டுவர ஹெல்பரை வச்சிருக்கோம். 20 பீஸ் பண்டில், 0.6 நிமிஷ ஆபரேஷன்னா ஒரு பண்டில் 12 நிமிஷம். முடிச்ச பண்டிலை மூணுக்கு ஒரு தடவை அவங்களே 5, 6 மீட்டர் தள்ளி இருக்கிற ரேக்ல வச்சுட்டு வரட்டும். 36 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்த மாதிரி ஆச்சு, 20 விநாடிதான் செலவு. மணி மறந்தாலும் இது நிக்காது. நடைபாதையில ரேக்கை வச்சுத் தீ விபத்து வழியை மறிச்சுடாதீங்க.

ரொட்டேஷன் (ஆளை வேலை மாத்தி மாத்தி விடுறது)னு எழுதிட்டு ஓவர்லாக்ல இருக்கிறவரைப் பிளாட்லாக்குக்கு மாத்துறது ரொட்டேஷன் ஆகாது. ரெண்டும் உட்கார்ந்த வேலை, ரெண்டுலயும் அதே கழுத்து, அதே கணுக்கால்.

---

பதில்: குட்டி_எக்ஸ்போர்ட்ஸ்

இவ்வளவு எதுக்குங்க? நின்னுகிட்டே தைக்கிற லைன் போட்டுட்டா பிரச்சினையே தீர்ந்துதே? டொயோட்டா தையல் முறைன்னு அப்படித்தானே ஓட்டுறாங்க?

---

பதில்: பிசியோ_கொங்கு

தீராதுங்க, இடம்தான் மாறும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, குதிகால் வலி வரும். அந்த முறையில் ஆபரேட்டர் ஒரு மெஷினிலிருந்து அடுத்ததுக்கு நடந்துகொண்டே இருப்பார், அதனால்தான் அது ஓடுகிறது. உங்கள் பழைய பெடலை வைத்துக்கொண்டு ஒரே மெஷின் முன்னால் நிற்க வைத்தால், ஒரு கால் பெடலிலும் உடம்புப் பாரம் முழுக்க இன்னொரு காலிலும் இருக்கும். உட்கார்ந்திருந்ததே தேவலை.

1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களை ஒப்பிட்டதில், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நடத்துநர் வெறுமனே நிற்கவில்லை, மாடி பஸ்ஸில் நாளெல்லாம் படி ஏறி இறங்கினார். தசை அசைய வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். பெடல் மிதிக்கும் அசைவு அதற்குப் போதாது, கணுக்கால் சில டிகிரிதான் நகர்கிறது.

அந்த 2 நிமிஷத்தில் செய்ய வேண்டியது: எழுந்து நின்று குதிகாலை 15 தடவை தூக்கி இறக்குவது, இடுப்பில் கை வைத்துப் பின்னால் 5 தடவை மெதுவாக வளைவது, தோளைச் சுழற்றுவது, தூரத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பது. அவ்வளவே. மைக்கில் இருபது வகை ஆசனம் சொல்லிக்கொடுத்தால் மூன்றாம் நாள் யாரும் செய்யமாட்டார்கள், புடவையிலும் சுடிதாரிலும் லைன் நடுவில் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும்.

மதியத்தில் மணி நெருக்கமாக இருப்பது சரிதான். ஆஸ்திரேலியாவில் 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், குளுக்கோஸ் கலந்த பானம் குடித்த பின் 20 நிமிஷத்துக்கொரு முறை 2 நிமிஷம் நடந்தவர்களுக்கு, தொடர்ந்து உட்கார்ந்தவர்களைவிட ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறியது. சாப்பாட்டுத் தூக்கில் பெரும்பங்கு சோறாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

‘வேலை முடிந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும்’ என்று பாலிசியில் எழுதாதீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்ததன் கேட்டை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிஷம் மிதமான உடலுழைப்பு தேவை என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2016 லான்செட் கட்டுரை சொல்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30-க்கு வேன் ஏறுகிறவரிடம் அந்த நேரத்தை எங்கே கேட்பீர்கள்?

கர்ப்பிணிகளை உடனே நின்று செய்யும் செக்கிங்குக்கு மாற்றும் வழக்கம் உண்டு, அது தவறு. நீண்ட நேரம் நிற்பதும் ஆகாது, அசையாமல் உட்கார்வதும் ஆகாது, கர்ப்பகாலத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். அரை மணிக்கொரு முறை விரும்பியபடி மாறி மாறி உட்காரவும் நிற்கவும் விடுங்கள். யாருக்காக இருந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தைலம் தேய்க்க விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இடுப்பு வலியோடு, உட்காரும் பகுதியில் உணர்ச்சி மரத்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

---

கேட்டவர்: பனியன்_ஹெச்ஆர்

எல்லாருக்கும் நன்றிங்க. வரைவு இப்படி எழுதியிருக்கேன், சரியா பாருங்க:

"ஊழியர்கள் அடிக்கடி எழுந்து நிற்க ஊக்குவிக்கப்படுவார்கள். தேவையான இடங்களில் இருக்கைகள் மேம்படுத்தப்படும். இடைவேளை நேரத்தில் கழிப்பறைக்குச் சென்றுவர வேண்டும்."

கழிப்பறைக்கு இப்ப டோக்கன் முறைதான், லைனுக்கு ரெண்டு டோக்கன். அதை எடுத்துட்டு, மணி அடிக்கிற இடைவேளை நேரத்துக்கு மாத்திடலாம்னு யோசனை.

---

பதில்: சேஃப்டி_அவினாசி

மூன்று வரியும் வேண்டாம்.

மூன்றாவதை முதலில் வெட்டுங்கள். விதிப்படி 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை. ஆளுக்கு 2 நிமிஷம் என்றால், உங்கள் 2 நிமிஷ இடைவேளையில் 25 பேரில் ஒருவர்தான் போய் வர முடியும், பத்து நிமிஷ டீயில் ஐந்து பேர். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். பாட்டில் நிறைந்தபடியே சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. டோக்கனை எடுங்கள், பதிலுக்கு எதையும் வைக்காதீர்கள். "எந்த நேரத்திலும், அனுமதி கேட்காமல் கழிப்பறைக்குச் செல்லலாம், அந்த நேரம் கணக்கிடப்படாது" என்று எழுதுங்கள். உட்கார்ந்தவர் எழுந்து நடக்க இதைவிட நல்ல காரணம் வேறு இல்லை.

‘ஊக்குவிக்கப்படுவார்கள்’ என்றால் யார் ஊக்குவிப்பது? "தையல் பிரிவில் 50 நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்து வேலை வாங்கப்படாது. மணி அடித்து, கையில் இருக்கும் பீஸ் முடிந்ததும் மெஷின் சுவிட்சை அணைப்பது லைன் சூப்பர்வைசரின் பொறுப்பு. ஒன்றரை ஷிப்ட் நாளில் மாலை 5.30-க்குப் பிறகு 30 நிமிஷத்துக்கொரு முறை." இப்படி எண்ணும் ஆளும் இருக்கட்டும். ஷிப்ட் சம்பளக்காரருக்கும் பீஸ் ரேட்காரருக்கும் சம்பளப் பிடித்தம் இல்லை என்ற வரியும், ஐ.இ. சொன்ன 3% ஏற்றமும் அதிலேயே வர வேண்டும்.

இருக்கை வரிக்குப் பதில் மெக்கானிக் சொன்ன வரிசையை அப்படியே இணைப்பாக வையுங்கள். ஒரே நாளில் 200 மெஷினைத் தொட வேண்டாம். ஒரு லைனை எடுத்து, உடம்புப் படம் வரைந்த தாளில் வலிக்கும் இடத்தை டெய்லர்களே குறிக்கட்டும். பெயர் வேண்டாம், மெஷின் வகை மட்டும் போதும். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. சரிசெய்து எட்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். முதல் வாரத்தில் புது வலிகள் சிலருக்கு வரும், பழகிய கோணம் மாறுவதால். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் ராடைப் பாருங்கள்.

---

பதில்: மெக்கானிக்_பிட்டர்

ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டைல் மாறும்போது லே-அவுட் மாத்துவீங்க, மெஷினும் ஆளும் இடம் மாறும், செஞ்ச செட்டிங் எல்லாம் போச்சு. ஸ்டாண்ட் கால்ல 2 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட்ல போட்டு நம்பர் எழுதிடுங்க. டெய்லரோட ஐ.டி. கார்டு பின்னால சேர் நம்பர், டேபிள் நம்பர் ரெண்டையும் எழுதிக் கொடுங்க. லே-அவுட் மாத்துற அன்னிக்கு கார்டைப் பார்த்து மெஷினுக்கு அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம், ராடு மட்டும் கண்ணால பார்த்து வைக்கணும். ஒரே மெஷின்ல ரெண்டு ஷிப்ட் ஆள் மாறுதுன்னா டேபிளை உயரமானவருக்கு வச்சுட்டு, குட்டையானவருக்கு சேரை ஏத்தி, பெடலை உயர்த்தி அடியில சட்டம் கொடுங்க. மறுபக்கமா செஞ்சா உயரமானவர் முட்டி நீ லிஃப்டர்ல மோதும்.